சட்டையில் தைத்த பெயர்

பூந்தமல்லி புரோக்கர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எத்தனை ரூம் வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பார் என நினைத்துப் போயிருந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என் சட்டையைப் பார்த்தார். சட்டைப் பையின் மேல் எங்கள் கம்பெனியின் பெயர் சிவப்பு நூலில் தைத்திருக்கும். அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“கம்பெனி ரோல்ல கீறியாமா, காண்ட்ராக்ட்ல கீறியா?”

“சட்டையப் பாத்தா தெரில?” என்றேன்.

“சட்டைய வுடும்மா. சம்பளம் எந்தப் பேர்ல ஏறுது, அத்த சொல்லு.”

நான் எழுந்துவிட்டேன். என் கணவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாத ஒரு பிளைவுட் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, என்னைப் போய்க் காண்ட்ராக்டா என்று கேட்க இந்த ஆளுக்கு என்ன தைரியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோன் ஆகாத பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு சுற்றினால் தனக்குத்தான் பெட்ரோல் நஷ்டம், அதனால்தான் கேட்டேன் என்று அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. பெட்ரோல் கணக்குப் பார்க்கிற மனுஷனிடம் வீடு வாங்கினால் விளங்குமா என்று ஊர் வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்போது நாங்கள் திருமுல்லைவாயிலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போவதாக ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை பொறுத்துக்கொள்வாராம், அதற்குமேல் முடியாதாம். அவள் பிறந்ததிலிருந்து இதே கதைதான். பாடப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டுவதில் எங்கள் தெருவிலேயே அவளுக்கு இணை கிடையாது, அவ்வளவு பழக்கம். இந்த முறை பெட்டி கட்டினால் சொந்த வீட்டில்தான் பிரிப்பது என்று நான் தீர்மானம் செய்தேன். ஒரு பெட்ரூம் போதும். காலி செய் என்று இனி எவனும் அவளைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். வருகிற பணம் கையில் வரும், கையோடு போகும். வங்கியில் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே லோன் வந்தால் என் சம்பளத்தின் மேல்தான் வரவேண்டும். புரோக்கரைப் பார்க்க வேலைச் சட்டையோடு நான் போனது அதற்காகத்தான்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்தச் சட்டைப் பைத்தியம் உண்டு. என் அப்பாவும் அம்மாவும் செம்பரம்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிலக்காரர் பெயரைச் சொல்லி, அவங்க ஊட்டு ஆளு என்பார்கள். எங்கள் காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபாக்டரி வேலை வந்தது, சட்டை வந்தது, சட்டையில் ஒரு பெரிய பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க, ஆஸ்பத்திரிக்கு, சம்பந்தம் பேச, எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுக்கொண்டு போவோம். நாத்தனார் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் அந்தச் சட்டையோடுதான் போய் நின்றேன். ஷிப்ட் முடிந்து மாற்றிக்கொள்ள நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நேரம் தாராளமாக இருந்தது.

காண்ட்ராக்ட் என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது சாம்பல் நிறச் சட்டைக்காரர்களைக் குறிக்கிற சொல். பெருக்குகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், கேண்டீனில் தட்டு கழுவுகிறவர்கள் எல்லாம் சாம்பல் நிறம். எங்கள் லைனுக்கு நீல நிறம். பிரேக்குக்கு வேண்டிய ஒரு பாகத்தைச் செய்கிற கம்பெனி அது. நான் கடைசிச் சோதனையில் உட்கார்ந்திருந்தேன். என் மேஜையைத் தாண்டாமல் ஒரு பீஸும் பெட்டிக்குள் போகாது. அப்படிப்பட்டவளை எப்படிக் காண்ட்ராக்ட் என்று சொல்ல முடியும்? என்னை வேலைக்குக் கொண்டுவந்து விட்டவர் ஒரு காண்ட்ராக்டர்தான், அதை மறுக்கவில்லை. புரோக்கர் வீடு பிடித்துக் கொடுத்து, கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுகிற மாதிரி, காண்ட்ராக்டரும் வேலை பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். சம்பளம் வேறு ஏதோ பெயரில் ஏறும், அந்தப் பெயரும் அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் எங்களை வரிசையில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஆபீஸ்காரர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், அதில் இது ஒன்று என்று விட்டுவிட்டேன். லைனில் என்னோடு இருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். வேலை பிடித்துக் கொடுத்த இந்தப் புரோக்கர் எங்களை விட்டுப் போகவே இல்லை என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

இரண்டாவது புரோக்கர் எங்களைத் தேடி வந்தார். பாரிவாக்கத்தில் ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்த ஒரு பில்டரின் பெயர் போட்ட டி-ஷர்ட், கழுத்தில் அதே பெயரோடு ஒரு அட்டை, கூப்பிட்டுப் போக ஒரு கார். முப்பது வயதுகூட இருக்காது. என் சட்டையைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

“அக்கா, நீ இந்தக் கம்பெனியா? அப்புறம் இன்னாத்துக்குக் கவலப்படுற? லோன் உன் ஊட்டு வாசல்ல வந்து நிக்கும்.”

இதுதான் மனுஷன் பேசுகிற பேச்சு என்று நான் கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் தலையைச் சொறிந்தார். பூந்தமல்லிக்காரர் சொந்தமாகத் தொழில் செய்கிறவர், யாருக்கு வேண்டுமானாலும் எதையாவது தள்ளிவிடுவார். இவர் கம்பெனி ஆள், ஏதாவது ஒன்று என்றால் பில்டரைப் போய்ப் பிடிக்கலாம் என்று நான் வாதாடினேன். டி-ஷர்ட்டைப் பார்த்து நான் ஆளைத் தேர்ந்தெடுத்தேன், என் சட்டையைப் பார்த்து அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். பொருத்தம் அபாரம்.

ஃபிளாட் இரண்டாவது மாடியில் இருந்தது. சின்னதுதான், ஆனால் சமையலறையில் காலை வெயில் விழுந்தது. செம்பரம்பாக்கம் தண்ணீரே குழாயில் வரப்போகிறது என்றார் அவர். என் மகள் பெட்ரூம் ஜன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையை இங்கே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. லோன் வரும்வரை இதை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன், இது அக்காவின் வீடு என்று புரோக்கர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். வங்கிக்குப் போகும்போது யூனிஃபார்மிலேயே வா அக்கா, மரியாதையே தனி என்றும் சொல்லிவைத்தார். போனேன். ஆவடியில் இருந்த அந்த வங்கியில் நிஜமாகவே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

லோன் கொடுப்பதற்கு முன்னால் நாம் சொல்கிற இடத்தில்தான் வேலை செய்கிறோமா என்று பார்க்க வங்கியிலிருந்து ஆள் அனுப்புவார்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு, கேட்டில் கூப்பிடுகிறார்கள் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். பீஸின் அளவு பார்க்கக் கையில் வைத்திருந்த கேஜைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் ஹெச்.ஆர். ஆபீசர். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வங்கிக்காரர் ஹெச்.ஆரிடம் என்னைக் காட்டி, இவர் உங்கள் பர்மனெண்ட் எம்ப்ளாயிதானே என்று கேட்டார்.

“இல்ல சார். இங்க வேலை செய்றாங்க. ஆனா எங்க எம்ப்ளாயி கிடையாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று, “சார், நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்” என்றேன். “தெரியும்க்கா” என்றார். குரலில் கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். என்னைத் தெரியும், என் மேஜையைத் தெரியும், என் மகள் என்ன படிக்கிறாள் என்பதுகூடத் தெரியும். எல்லாம் தெரிந்த மனிதர்தான் சொன்னார்.

காண்ட்ராக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று அவரே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு குரல் என் பெயரை இரண்டு தரம் கேட்டது. யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, “ஏப்ரல்ல சேந்தாங்க சார். ஹவுஸ்கீப்பிங்” என்றது.

என் மகள் பிறப்பதற்கு முன்பிருந்து நான் அந்தக் கேட்டுக்குள் போய் வந்துகொண்டிருக்கிறேன். வயிற்றில் அவளைச் சுமந்துகொண்டு நைட் ஷிப்ட் பார்த்திருக்கிறேன். ஏப்ரலாம். ஹவுஸ்கீப்பிங்காம். வங்கிக்காரர் என் கையில் இருந்த கேஜைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மேலே இருந்து தகவல் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். பாவம், அவர் என்ன செய்வார்.

அன்று சாயங்காலம் ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். நிதானமாக விளக்கினார். உற்பத்தி லைனில் காண்ட்ராக்ட் ஆட்களை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லையாம், அதனால் ரெக்கார்டில் எங்களை ஹவுஸ்கீப்பிங் என்று காட்டுவார்களாம். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் நாங்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவோமாம். எல்லா இடத்திலும் நடப்பதுதான், இதில் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் ஒழுங்காகப் போகிறதே என்று ஆறுதல் வேறு. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் என்னை அறைந்தது.

“சார், நாளைக்கு அந்த லைன்ல என் கை பூட்ச்சின்னா, நான் யார் ஆளு?” என்று கேட்டேன்.

அபசகுனமாகப் பேசாதீர்கள் அக்கா என்றார். பதில் அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைக்கவில்லை. கணவர் கடையில் இட்லி வாங்கி வந்தார். சாப்பிடும்போது, பூந்தமல்லி ஆள் அன்னிக்கே கேட்டாரு இல்ல என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டார். அந்தப் புரோக்கர் மேல் எனக்கு அப்போதும் மதிப்பு வரவில்லை, இப்போதும் இல்லை. அவர் என் நல்லதுக்குக் கேட்கவில்லை, தன் பெட்ரோலுக்குக் கேட்டார். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் வாய் கசக்கிறது.

வங்கி லோன் இல்லை என்று சொல்லிவிட்டது. பாரிவாக்கம் புரோக்கருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. தெரிந்த ஃபைனான்ஸ்காரர் ஒருவர் இருக்கிறார், காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் கொடுப்பார், கொஞ்சம் நாளாகும், அதுவரை அந்த ஃபிளாட்டைத் தான் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நம்பினேன். அவர் கம்பெனி ஆள் அல்லவா. பிறகு சில வாரம் அவர் போன் அடிக்கும், எடுக்க மாட்டார். அப்புறம் அடிப்பதும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் நேரில் போனோம். இரண்டாவது மாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்னவயசு ஜோடி திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஐ.டி. வேலையாம், திருச்சிப் பக்கமாம். போன வாரம்தான் ரிஜிஸ்டர் ஆனதாம். அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சிரித்து, நீங்களும் இதே பிளாக்கா என்று கேட்டாள். வீடு பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழேயே பில்டரின் ஆபீஸ். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்களுக்கென்று பிடித்து வைத்த வீட்டை எப்படி விற்றீர்கள் என்று கேட்டேன், புரோக்கரின் பெயரைச் சொன்னேன்.

“அவர் எங்க ஸ்டாஃப் இல்ல மேடம். கமிஷன் ஆளு. அவர் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்ல.”

உங்கள் பெயர் போட்ட டி-ஷர்ட்டும் அட்டையும் அவரிடம் எப்படி வந்தன என்றேன். கஸ்டமர் கூட்டி வருகிற எல்லோருக்கும் கொடுப்போம், பார்க்க ஒரே மாதிரி நன்றாக இருக்கும் என்றார். டோக்கனைக் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார், அதில் குற்றம் சொல்ல முடியாது. வாதாட எனக்கு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒரு கேட்டில் நின்று கேட்டிருந்தேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தால் அந்தப் புரோக்கரே இன்னொரு குடும்பத்தைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒளியப் பார்த்தார், முடியவில்லை. “இன்னாக்கா பண்றது, அவங்க வேற ஆள் மூலியமா வித்துட்டாங்க. எனுக்கே அப்பால தான் தெரியும்” என்றார். தன் பேச்சுக்கு பில்டர் ஆபீசில் ஒரு மதிப்பும் கிடையாது என்று அழாத குறையாகச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கும். இரண்டு பேரும் ஒரே குழியில் கிடப்பவர்கள் என்று அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் புதுக் குடும்பத்துக்குக் கேட்கிற மாதிரி, இந்த ஆள் வாக்கை நம்பாதீங்க, இவரு இந்தக் கம்பெனியே இல்ல என்று உரக்கச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. சொன்னபோது சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. சோதிக்க வேண்டிய பீஸ்கள் தட்டில் குவிந்திருந்தன, சோதித்தேன். லைனில் மற்றப் பெண்களிடம் சொன்னேன். ஒருத்தி நம்பவில்லை, ஒருத்தி அழுதாள். ஒருத்தி, வாயை மூடிக்கினு இருக்கா, அடுத்த காண்ட்ராக்ட்ல பேர் வராம பண்ணிடுவாங்க என்றாள். அவள்தான் எங்கள் எல்லோரிலும் புத்திசாலி. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

மகளிடம் மட்டும் சொல்லவில்லை. ஃபிளாட்டின் பத்திரத்தில் ஏதோ வில்லங்கம், அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம் என்று நானும் கணவரும் பேசி வைத்துக்கொண்டு சொன்னோம். சரிம்மா என்றாள். பரீட்சை முடிந்த கையோடு புத்தகங்களை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

இந்த முறை புரோக்கரே வேண்டாம் என்று ஆவடிக்கு அப்பால் தெருத் தெருவாக டு-லெட் போர்டு பார்த்து நடந்தோம். மூவரும்தான். ஒரு வீடு எல்லோருக்கும் பிடித்தது. அரசாங்கத் தொழிற்சாலையில் ரிடையர் ஆன ஒருவரின் வீடு, மேல் போர்ஷன். எத்தனை பேர், கறி மீன் உண்டா, வண்டி எங்கே நிற்கும் என்று எல்லாம் கேட்டு முடித்தார். எங்கே வேலை என்று என்னிடம் கேட்டார். கம்பெனியின் பெயரைச் சொன்னேன். ஓ, பெரிய கம்பெனியாச்சே, பர்மனெண்ட்டா என்றார்.

என்ன சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

“இல்ல அங்கிள். அம்மா காண்ட்ராக்ட்.”

என் மகள்தான். ரத்தம் என்ன குரூப் என்று கேட்டால் சொல்வது போல் சொன்னாள். வெட்கமோ வருத்தமோ அதில் இல்லை. அதனால் என்ன, வாடகை முதல் வாரத்தில் வந்தால் சரி என்று சொல்லிவிட்டு அவர் மொட்டை மாடிச் சாவி எடுக்கக் கீழே போனார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். உனக்கு யார் சொன்னது என்று அவளிடம் கேட்டேன். அவள் சமையலறைக் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் சொல்லலம்மா. ஃபேமிலி டேக்கு நம்மள ஒரு தடவகூடக் கூப்டலையே.”

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் ஃபேமிலி டே நடக்கும். வேலை செய்கிறவர்களின் குடும்பத்தை பஸ் வைத்துக் கூட்டி வந்து, பிளாண்டைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பை கொடுத்து அனுப்புவார்கள். என் மகள் வகுப்பிலேயே அந்தப் பையோடு வருகிற பிள்ளைகள் இருந்தார்கள். சின்ன வகுப்பில் படிக்கும்போது, நாம் எப்போது போவோம் என்று கேட்பாள். அது ஆபீசர்களுக்கு மட்டும் என்பேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். அடுத்த வருஷமும் கேட்டாள், அதற்கடுத்த வருஷமும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு விவரம் வந்துவிட்டது என்று அப்போது நான் லைனில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.